கிராணியாரின் சுங்கான்

கொம்தார் கோபுரத்தின் அருகே தொடங்கி ஆயர் ஈத்தாமை நோக்கிச் செல்கிறது டத்தோ கிராமாட் சாலை. பினாங்கில் பிறந்து வளர்ந்த முதியோரிடம் அச்சாலையைப் பற்றிக் கேட்டால், அவர்கள் முதலிற் சொல்வது அங்கிருந்த ஈய உருக்காலையைப் பற்றியே ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லீ சின் ஹோ என்னும் சீனத் தொழிலதிபர் தொடங்கிய அவ்வாலை, பின்னர் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் என்னும் பெயரில் வளர்ந்தது. சுரங்கங்களில் எடுத்த ஈயமணல் மூட்டை மூட்டையாக அங்கு வந்து, உருகி, கட்டிகளாகிக் கப்பலேறிற்று. ஆலை இன்று இல்லை. அவ்விடத்தில் பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் என்னும் வளாகம் எழுந்து நிற்கிறது.

ஆலையின் புகையைப் பலர் அறிவர். அச்சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் வாழ்ந்தவர்களுக்கு மட்டும் இன்னொரு புகையும் நினைவிருக்கும். ஒரு பலகை வீட்டின் முன் தாழ்வாரத்திலிருந்து, நாள்தோறும் மாலை ஆறு மணி அளவில், மெல்லிய நீலப்புகை ஒன்று எழும். அது கிராணியாரின் சுங்கானிலிருந்து வந்த புகை.

சுங்கான் என்பது புகையிலையை இட்டுப் புகைக்கும் குழாய். நல்ல தமிழ்ச்சொல்தான், ஆயினும் சந்தில் இருந்தவர் யாவரும் அதைப் 'பைப்பு' என்றே சொல்லினர். தண்ணீர்க் குழாய்க்கும் அதே பெயர். "பைப்பை மூடு" என்று வீட்டினுள்ளிருந்து குரல் கேட்டால், கிராணியார் தாழ்வாரத்திலிருந்து, "எந்தப் பைப்பை?" என்று கேட்பார். நாற்பது ஆண்டுகளாக அவர் சொன்ன நகைச்சுவை அது ஒன்றே. அவருடைய மனைவியும் நாற்பது ஆண்டுகள் அதற்குச் சிரித்தார். இல்லறத்தின் வெற்றிக்கு இதைக் காட்டிலும் வேறு சான்று வேண்டுவதில்லை.

உருக்காலையின் அலுவலகத்தில் அவர் கணக்கெழுதும் கிராணியாக 1937இல் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. வந்திறங்கும் ஈயமணலின் எடையைப் பேரேட்டில் பதிவதே வேலை. அங்கே அவருக்கு மேலதிகாரியாக ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். அவர் வாயில் எந்நேரமும் ஒரு சுங்கான் இருக்கும். எரிந்துகொண்டிருக்கும் நேரம் குறைவு. அணைந்து கிடக்கும் நேரமே மிகுதி.

1941 டிசம்பர் 11ஆம் நாள் சப்பானிய விமானங்கள் பினாங்கின்மீது குண்டு வீசின. சில நாள்களுக்குள் ஐரோப்பியர்கள் இரவோடிரவாகத் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டனர். தமிழரும் மலாய்க்காரரும் சீனரும், ஆள்பவர் யார் என்பது தெரியாமலே ஒரு காலையில் கண் விழித்தனர். அக்கசப்பு பினாங்கு மக்களின் நெஞ்சில் நெடுங்காலம் நீங்கவில்லை. இளங்கிராணி மட்டும் மறுநாளும் அலுவலகத்துக்குச் சென்றார். மேலதிகாரியின் மேசையறை திறந்து கிடந்தது. உள்ளே சுங்கான் இருந்தது. கிண்ணத்தின் அடியில் பாதி எரிந்த புகையிலைகூட அப்படியே இருந்தது என்று அவர் பிற்காலத்தில் சொல்வதுண்டு. மனிதர் எவ்வளவு விரைந்து போயிருக்க வேண்டும்!

அதைத் திருடர் எடுத்துச் செல்லாதிருக்க வேண்டுமென்று அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உரியவர் வந்ததும் ஒப்படைப்பதே நோக்கம். அரிசிக்குப் பஞ்சம் நேர்ந்த அவ்வாண்டுகளில், வீட்டிலிருந்த பித்தளைக் குடமும் கைக்கடிகாரமும் மரவள்ளிக் கிழங்காக மாறின. சுங்கான் மாறவில்லை. அது பிறர் பொருள். 1945 செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டிஷ் படையினர் பினாங்கில் இறங்கினர். ஆலை மீண்டும் எழுந்தது; புதிய மேலதிகாரிகள் வந்தனர். அந்தப் பழையவர் மட்டும் வரவில்லை. போர்க்கைதியாக இறந்தார் என்றார் ஒருவர். ஆஸ்திரேலியாவில் இருக்கிறார் என்றார் மற்றொருவர். மேலும் மூன்று ஆண்டுகள் காத்திருந்த பிறகே கிராணியார் அதில் முதன்முதலாகப் புகையிலையை இட்டார்.

அச்சுங்கான் பிரையர் எனப்படும் மரத்தால் ஆனது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வளரும் ஒருவகைப் புதர்ச்செடியின் வேரடியில் திரளும் கட்டியைக் கடைந்து செய்வது. எளிதில் தீப்பற்றாத மரம் அது. பிரான்சு நாட்டின் செயின்ட் குளோட் என்னும் மலையூர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இத்தொழிலால் பெயர் பெற்றது. பழகப் பழகக் கிண்ணத்தின் உட்சுவரில் கரிப்படலம் ஒன்று படியும். அதை முற்றும் சுரண்டினால் மரம் சுடும். சுரண்டாமலே விட்டால் படலம் தடித்துக் கிண்ணம் வெடிக்கும். அளவறிந்து சுரண்டுவது ஒரு கலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராணியார் பேனாக்கத்தியோடு அமர்ந்து இதைச் செய்யும்போது அவரிடம் யாரும் பேசுவதில்லை.

மாலை வேளையின் சடங்கு வேறு. குளித்து, நெற்றியில் நீறணிந்து, பிரம்பு நாற்காலியில் அமர்வார். கேப்ஸ்டன் டப்பாவைத் திறந்து புகையிலையை விரல்நுனியால் உதிர்ப்பார். அடியில் தளர்வாக, மேலே சற்று இறுக்கமாக நிரப்புவார். முதல் தீக்குச்சி மேற்புறத்தை எழுப்புவதற்கு. எழுந்ததைப் பெருவிரலால் அமுக்கியபின் இரண்டாவது குச்சி. அதன்பின் அரைமணி நேரம் அவர் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய கிராணி அல்லர். பிள்ளைகள் அந்நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். மதிப்பெண் குறைந்த செய்தியைச் சொல்ல அதுவே நல்ல வேளை என்பது அவர்களின் பட்டறிவு.

கதை கேட்பதற்கும் அதுவே நேரம். இராமநாதபுரத்துச் சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய 'புகையிலை விடு தூது' என்னும் நூலை உ.வே. சாமிநாதையர் 1939இல் பதிப்பித்தார். பழனி முருகனிடம் தூது செல்லப் புகையிலையைத் தேர்ந்த புலவரின் துணிவை என்னென்பது! அந்நூல் தரும் கதையைக் கிராணியார் நூறு முறையேனும் சொல்லியிருப்பார். மூவருக்குள்ளும் ஒரு வழக்கு. சான்றாக மூன்று இலைகள் கொடுக்கப்படுகின்றன. மறுநாள் கேட்டபோது சிவபெருமானின் வில்வம் கங்கையோடு போயிற்று. திருமாலின் துளசி பாற்கடலோடு போயிற்று. பிரமன் தன் இலையைக் கலைமகளிடம் கொடுத்து வைத்திருந்தான். "மற்ற இலைகள் போயின, என் இலை போகையிலை" என்று எடுத்துக் காட்டினானாம். 'போகவில்லை' என்ற அந்தப் போகையிலையே புகையிலை ஆயிற்றாம். கதை முடியுமிடத்தில் பிள்ளைகள் ஒரே குரலாய், "போகையிலை!" என்று கத்துவார்கள். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி கதவைச் சாத்திக்கொள்வாள்.

புகையிலையைப் பற்றி இவ்வாறு இனிமையாக எழுதுவது இக்காலத்தில் தகுமோ என்னும் ஐயம் எழலாம். எழத்தான் வேண்டும். உலகில் ஆண்டுதோறும் எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புகையிலையால் மடிகின்றனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. அவர்களுள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாம் புகைக்காதவர்கள். பிறர் விட்ட புகையை மூச்சாக இழுத்தவர்கள். 2019 சனவரி முதல் நாளிலிருந்து மலேசிய உணவகங்களில் புகைத்தல் தடைசெய்யப்பட்டது. பாடாங் பிரவுன் கடைகளில் ஒரு கையில் காப்பியும் மறு கையில் சுங்கானுமாக அமர்ந்திருந்த கிராணியாருக்கு அப்படியொரு சட்டம் கனவிலும் தோன்றியிராது.

ஆனால் எச்சரிக்கை அவர் செவிக்கு எட்டாமலும் இல்லை. 1962இல் இலண்டன் மருத்துவர் கல்லூரியும் 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியும் வெளியிட்ட அறிக்கைகளைப் பற்றி மூத்த மகன் செய்தித்தாளிலிருந்து உரக்கப் படித்துக் காட்டினான். கிராணியாரிடம் மறுமொழி ஆயத்தமாக இருந்தது. சுங்கான் பிடிக்கும் பேரறிஞர் பெர்ட்ராண்டு ரசல் 1948 அக்டோபரில் நார்வே நாட்டில் பயணம் செய்த கடல்விமானம் நீரில் விழுந்தது. புகைக்காதோர் பகுதியில் இருந்தவர்கள் இறந்தனர். பத்தொன்பது உயிர்கள் போயின. புகைப்போர் பகுதியில் இடம் கேட்டு அமர்ந்திருந்த ரசல், எழுபத்தாறு வயதில், நீந்திப் பிழைத்தார். "இப்போ என்னடா சொல்றே?" என்பார் கிராணியார். மகன் செய்தித்தாளை மடித்து வைப்பான். ஒரு விமானத்தை வைத்துக்கொண்டு ஒருவர் முப்பது ஆண்டு வாதாடலாம். வழக்கு மட்டும் வெல்லாது.

வழக்கைத் தீர்த்தவன் எட்டு வயதுப் பேரன்.

மூத்த மகனின் பிள்ளை அவன். மூச்சிழுப்பு நோய் உண்டு. மழைக்காலத்து இரவுகளில் அவன் மார்பு குழலூதுவது அடுத்த அறைக்குக் கேட்கும். எனினும் மாலையில் தாத்தாவின் நாற்காலிக் காலை ஒட்டி முதலில் உட்காருபவனும் அவனே. அந்த வாசம் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். 1979ஆம் ஆண்டில் ஓரிரவு இழுப்பு மிகுந்தது. பொழுது விடிந்ததும் கிராணியாரே அவனைப் பெச்சா வண்டியில் ஏற்றிப் பொது மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். பரிசோதித்த மருத்துவர் சிறுவனைப் பார்த்து, "வீட்டில் யாராவது புகை பிடிக்கிறார்களா?" என்று கேட்டார்.

பையன் தாத்தாவின் முகத்தைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து நீண்டிருந்த கறுப்புத் தண்டைப் பார்த்தான். மூச்சு வாங்கிக்கொண்டே, "இல்லை டாக்டர், யாருமில்லை" என்றான்.

முப்பத்தேழு ஆண்டுகள் பேரேட்டில் ஓர் எண்ணையேனும் பொய்யாக எழுதாத கை, சட்டைப் பைக்குச் சென்றது. சுங்கானை எடுத்து மருத்துவரின் மேசைமேல் வைத்தார். "பிள்ளை எனக்காகச் சொல்லுது, டாக்டர். பிடிக்கிறது நான்தான்" என்றார். மருத்துவர் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. மருந்துச் சீட்டை எழுதி, சுங்கானை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை பிரம்பு நாற்காலியில் வழக்கம்போல் அமர்ந்தார். தீக்குச்சி உரசவில்லை. மறுநாளும் உரசவில்லை. அறுபது வயதில் விட்ட பழக்கம் எளிதில் விட்டதென்று எண்ண வேண்டா. நான்கைந்து மாதங்கள் வீட்டில் அவரோடு பேசுவதற்கு அனைவரும் அஞ்சினர். உப்புக் குறைந்தாலும் சினம். வானொலி ஒலித்தாலும் சினம். கிராம்பை மென்றார், ஓமத்தை மென்றார். நள்ளிரவில் எழுந்து தாழ்வாரத்தில் நடந்தார். பேரனின் இழுப்பு முற்றும் நீங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறைந்தது, மழைக்காலத்தில் மட்டும் வந்து போயிற்று.

இறுதியில் அவர் கண்ட வழி, வெற்றுச் சுங்கானை வாயில் வைத்துக்கொள்வது. அறிவியல் மேதை ஐன்ஸ்டைனும் மருத்துவர் தடுத்தபின் அவ்வாறே வைத்திருந்தார் என்பர். அவருடைய சுங்கான் ஒன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் ஊதுவாய் பற்பட்டுத் தேய்ந்து துளைவிழுந்திருக்கிறது. கிராணியாரின் சுங்கானும் மெல்ல மெல்ல அந்நிலையை அடைந்தது.

தாத்தாவின் மகிழ்ச்சியைத் தானே பறித்துவிட்டதாகப் பேரன் நினைத்திருக்கிறான். அதை யாரும் அறியவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, தீபாவளிக்குக் கிடைத்த காசையெல்லாம் சேர்த்துக்கொண்டு தனியாகப் பினாங்கு ஸ்திரீட்டுக்கு நடந்து சென்றான். அக்காலத்தில் சிறுவர் கேட்டாலும் கடையில் கொடுத்துவிடுவார்கள். கேப்ஸ்டன் டப்பா ஒன்றை வாங்கி வந்து தாத்தாவின் மடியில் வைத்து, "ஒரு நாள் மட்டும் பிடிங்க தாத்தா. நான் உள்ளே போய் இருந்துக்கறேன்" என்றான்.

கிராணியார் டப்பாவைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பேரன் போகவிருந்த கதவையும் பார்த்தார். "இது உசந்த சரக்குடா. தாத்தா பத்திரமா வச்சுக்கறேன்" என்று சொல்லி, எழுந்து போய் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்று அவர் இரவு உணவு கொள்ளவில்லை.

1996இல் அவர் மறைந்தார். நாற்காலி ஒரு மகனுக்கு, கைக்கடிகாரம் ஒரு மகனுக்கு என்று பொருள்கள் பிரிந்தன. சுங்கானைச் சவப்பெட்டியில் வைத்துவிடலாம் என்றாள் மருமகள். "அது இவரோடது இல்லேம்மா. அந்தத் துரையோடது. யாராச்சும் கேட்டு வந்தா என்ன பதில் சொல்றது?" என்றார் கிராணியாரின் மனைவி. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும்!

அவர் அதைத் தம் தகரப் பெட்டியில் புடைவைகளுக்கு அடியில் வைத்தார். பக்கத்தில் திறவாத புகையிலை டப்பா. பழம்பொருள் விற்கும் லோரோங் கூலிட் சந்தைக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, டப்பாவுக்குத் தனி விலையும் சுங்கானுக்குத் தனி விலையும் சொன்னபோது, குடிக்கத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பேரன் வளர்ந்து கோலாலம்பூரில் வேலைக்குச் சென்றான். பெருநாள்களில் வீட்டுக்கு வரும்போது பாட்டி பெட்டியைத் திறக்கச் சொல்வார். அவர் பார்வை மங்கியிருந்தது, மோப்பமும் குறைந்திருந்தது. ஒருமுறை அவன் சுங்கானை எடுத்துக் கிண்ணத்தை மூக்கருகே பிடித்தான். தாத்தா கடைசியாகச் சுரண்டாமல் விட்ட கரிப்படலம் உள்ளே அப்படியே இருந்தது.

"வாசம் போயிடுச்சாப்பா?" என்று கேட்டார் பாட்டி.

"போகலை, பாட்டி" என்றான்.

பாட்டி கையை நீட்டினார். அவன் அதை அவர் உள்ளங்கையில் வைத்தான்.