கயிறு ஏற்றும் மலை

ஆஸ்திரியா தேசத்தில் இன்ஸ்புருக் என்று ஒரு நகரம். ஆல்ப்ஸ் மலை அதன் கொல்லைப்புறத்தில் நிற்கிறது. 1928-ஆம் ஆண்டிலேயே அவ்வூரார் இரும்புக் கயிறு கட்டி, அதில் வண்டியைத் தொங்கவிட்டு, 2,334 மீட்டர் உயரமுள்ள ஹாஃபெலெகார் சிகரத்தின் அருகு வரை மனிதரை ஏற்றிவிட்டார்கள். பூகோள வகுப்பில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, நானே அதில் ஏறி வந்துவிட்டதுபோல் எனக்கு ஒரு பிரமை. ஆனால் உபாத்தியாயர் சம்பளத்தில் ஆல்ப்ஸ் ஏது? களியக்காவிளையில் பஸ் ஏறிப் போய்ச் சேரத்தக்க கயிற்று வண்டி மலை, பழனி மலையே.

போனதற்குக் காரணம் பூகோளம் அன்று. ஐந்து வயதில் எனக்கு விஷக் காய்ச்சல் கண்டபோது, பழனிப் படி ஏறி வருவதாக என் தாயார் நேர்ந்துகொண்டார். ஏதேதோ தடைகள், நாற்பது வருஷம் ஓடிவிட்டது. வேண்டுதல் அப்படியே நின்றது, முழங்கால்தான் நிற்கவில்லை.

அடிவாரத்தில் தமிழுக்குச் சமமாக மலையாளமும் காதில் விழுகிறது. தண்டாயுதபாணி மேற்கு நோக்கி நிற்பதால், கேரளத்தார் அவரைத் தம்மவராகவே கொண்டுவிட்டனர். எல்லையோரத்துக்காரர்களான எங்களுக்கு இது ஊர்ச் சந்தைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

மலை சுமார் 450 அடி உயரந்தான். ஆல்ப்ஸின் முன்னே குழந்தை. ஆயினும் 600-க்கு மேற்பட்ட படிகள்! ஏற இயலாதவர்களுக்காக 1966-இல் வின்ச் வந்தது. தண்டவாளத்தில் நிற்கும் பெட்டியைக் கம்பிக் கயிறு இழுத்துச் செல்லும். 2004-இல் ரோப் கார் வந்தது. ஏறுவதும் இறங்குவதும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. எதிரே நிற்பது, மலைகளைக் காவடியாகச் சுமந்து வந்த இடும்பன் பெயரைத் தாங்கிய குன்று. தோளின் இருபுறமும் பாரம் கட்டும் வித்தையை அவன் அன்றே அறிந்திருந்தான் என்று தோன்றிற்று!

நாங்கள் தெற்குக் கிரிவீதிக்குப் போனபோது பலத்த காற்று. ரோப் காரை நிறுத்தியிருந்தார்கள். வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். 2007-இல் இங்கே உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்தை நினைத்தால், நிறுத்தியவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

"வின்சில் போவோம், அம்மா" என்றேன்.

அம்மா நகரவில்லை. "மக்களே, படி ஏறுவேன்னுல்லா சொன்னேன்? இழுத்துக்கொண்டு போனா அது ஏறினதா ஆகுமா?"

எம்.ஏ. படித்த எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. முருகன் ஒன்றும் நினைக்கமாட்டார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாக்குக் கொடுத்தவர் நானல்லவே.

கடைசியில் வழி கண்டதும் அவர்தாம். பாத விநாயகர் சந்நிதிக்கு அழைத்துப் போகச் சொன்னார். அங்கிருந்து என் தோளைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரு காலையும் ஊன்றி, பதினோரு படி ஏறினார். பதினோராவது படியில் உட்கார்ந்து நெடுநேரம் மேலேயே பார்த்திருந்தார். பிறகு இறங்கி வின்சுக்கு வந்தோம்.

மலைமேல் தரிசனம் முடிந்து வெளியே வந்தோம். தெற்கே கொடைக்கானல் மலைத்தொடர் நீலமாய்த் தெரிந்தது. காற்று தணிந்து ரோப் காரும் ஓடத் தொடங்கியிருந்தது. இறங்கும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பாதி வழியில் திறந்து, "மிச்சப் படிய நீ ஏறிரணும், கேட்டியா?" என்றார்.

அடுத்த விடுமுறைக்குத் தேதி குறித்திருக்கிறேன்.