உள்ளே 19, வெளியே 83

வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரும் தொட விரும்பாத ஒரு காரியத்தை என் தலையில் கட்டினார்கள். ஹோஸ்ட் சர்வரின் டிஸ்க் நிரம்பிக்கொண்டே வருகிறது, விர்ச்சுவல் மெஷின்களைக் குறைத்து இடம் பிடிக்க வேண்டும். பழைய மெஷின் எதையாவது தூக்கிவிடலாம் என்று கிளம்பினேன். "தூக்கறது அப்புறம்டா, முதல்ல உள்ளயும் வெளியயும் அளந்து பாரு" என்றார் சீனியர் அண்ணன்.

ஒரு மெஷினின் டிஸ்க் இமேஜுக்கு க்யூஎமு-இமேஜ் கட்டளையில் 'இன்ஃபோ' கேட்டால் கொடுத்த அளவு 100 ஜிபி, பிடித்திருப்பது 83 என்று வந்தது. அதே மெஷினுக்குள் போய் 'டிஎஃப்' அடித்தால் பயன்பாடு வெறும் 19. மிச்சம் எங்கே போனது? மெஷினுக்குள் ஒரு கோப்பை அழித்தால் உள்ளிருக்கும் லினக்ஸின் கணக்கில்தான் அந்த இடம் காலி. குடியிருப்பவர் ஓர் அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்காரரிடம் வாய் திறக்காத கதை. எழுத எழுத 64 கேபி துண்டுகளாக வளரும் க்யூகவ்2 இமேஜ், யாராவது சொன்னால் தவிரச் சுருங்காது.

சொல்வதற்கு ஒரு வழி உண்டு, மெஷினுக்குள் ஓட்டும் 'எஃப்எஸ்ட்ரிம்' கட்டளை. ஆனால் மெஷின்களை நிர்வகிக்கும் லிப்வர்ட்டில் அந்த டிஸ்கின் 'டிஸ்கார்ட்' அமைப்பு 'அன்மேப்' என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொன்னது ஹோஸ்ட் காதில் விழாது. அமைப்பை மாற்றியபின் உள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது. முழுக்க ஷட்டவுன் செய்து மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டும். இது எந்தப் பாடத்திலும் எனக்குக் கிடைக்காத ஒரு வரி.

ட்ரிம் ஓடி முடிந்ததும் 78 ஜிபி விடுவித்ததாக அறிவித்தது. ஹோஸ்டில் குறைந்ததோ 62தான். இதுவரை ஒரு பைட்கூட எழுதப்படாத இடத்தையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அதற்கு. எனவே அதன் பேச்சை நம்பாமல் இமேஜையே அளக்கப் பழகிக்கொண்டேன்.

ட்ரிம்முக்கு முன்னால் குப்பை கூட்ட வேண்டும்: ஏபிடி கேஷ், ஜர்னல் லாக், பழைய கெர்னல்கள். இதில் பெரிய வித்தை இல்லை. வித்தை ஸ்னாப்ஷாட்டில் இருக்கிறது. இமேஜுக்குள் டிஸ்கின் முந்தைய நிலையைப் பதிந்துவைத்த பழைய ஸ்னாப்ஷாட் ஒன்று இருந்தால் அது பிடித்துவைத்திருக்கும் துண்டுகளை ட்ரிம் அசைக்காது. அதனால் அண்ணன் எந்த மெஷினிலும் முதலில் ஸ்னாப்ஷாட் பட்டியலைத்தான் கேட்பார்.

ட்ரிம் தெரியாத பழைய மெஷின்களுக்குப் பலர் சொல்லும் வைத்தியம், காலி இடம் முழுவதையும் பூஜ்ஜியத்தால் நிரப்பிவிட்டு இமேஜைப் புதிதாக மாற்றி எழுதுவது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சுருங்குவதற்கு முன் இமேஜ் முழு 100 ஜிபிக்கும் வீங்கக்கூடும். ஏற்கெனவே நிரம்பிய ஹோஸ்டில் இடம் தீர்ந்தால் எழுத முயலும் மெஷின்கள் அப்படியே நின்றுவிடும். மெஷினை நிறுத்திவிட்டு 'விர்ட்-ஸ்பார்சிஃபை' கட்டளையை 'இன்-ப்ளேஸ்' முறையில் ஓட்டுவதே மேல். தற்காலிக இடம் கேட்காது. ஓடும் மெஷின்மேல் மட்டும் அதை ஏவக்கூடாது, டிஸ்க் கெட்டுப்போகும்.

இப்போது உபுண்டு மெஷின்களில் வாராந்திர ட்ரிம் டைமர் தானே பார்த்துக்கொள்கிறது. ஆனால் மீட்ட அந்த 62 ஜிபியைக் 'காலி' என்று எக்செல்லில் எழுத அண்ணன் விடுவதில்லை. "100 தர்றோம்னு சொல்லித்தானே கொடுத்திருக்கோம்? நாளைக்கே அவங்க நிரப்பலாம்" என்பார். அந்தத் தாளில் எல்லா மெஷின்களுக்கும் வாக்குக் கொடுத்த அளவின் கூட்டுத்தொகை தனிப் பத்தியில், சிவப்பில் இருக்கும்.