கட்டிலுக்கு அடியில் ஒரு குடித்தனக்காரர்

எங்கள் வீட்டுப் படுக்கையறையில் ஒரு முயல் குடியிருக்கிறது. கூண்டில் அல்ல. தரையில், கட்டிலுக்கு அடியில், அதன் இஷ்டப்படி. பெயர் பஞ்சு. 2024 மே மாதத்திலிருந்து அந்த அறை அதற்கும் எங்களுக்கும் பொது. வீட்டுக்கு வருகிற பழைய மாணவர்கள், "என்ன டீச்சர், முயலைப் போய் பெட்ரூமுக்குள்ள..." என்று இழுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் பேசியவளிடம் சுருக்கம் எதிர்பார்க்காதீர்கள்.

பஞ்சு சிதம்பரத்துப் பிள்ளை. என் மகள் வீட்டில் பேத்தி ஆசைப்பட்டு வளர்த்தது. 2024 ஏப்ரலில் அவர்கள் வாடகை வீடு மாறினார்கள். புது வீட்டுக்காரர், "நாய், பூனை, கிளி எதுவும் கூடாது" என்று சொல்லிவிட்டார். முயல் அந்தப் பட்டியலில் இல்லையே என்று பேத்தி வாதாடிப் பார்த்தாள். நடக்கவில்லை. கடைசியில், "அம்மாச்சி, நீங்க வச்சிக்கிறீங்களா?" என்று என்னிடம் வந்து நின்றாள். பிரம்புக் கூடையில் துணி விரித்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பு.முட்லூர் தாண்டும்போது கண்டக்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "இவருக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டாம்மா?" என்றார். கடலூர் வந்து சேரும்வரை அது அசையவே இல்லை. அமைதியான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அது அமைதி இல்லை, பயத்தில் உறைந்துபோய் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இரையாகும் பிராணிகள் ஆபத்து நேரத்தில் அப்படித்தான் கல்லாகிவிடுமாம்.

அதன் கூண்டு இரண்டு நாள் கழித்து மினி வேனில் வந்தது. கடையில் விற்கிற வழக்கமான கூண்டு. அடியிலும் கம்பி வலை. புழுக்கை கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்வது சுலபம். பின்கட்டில் தகரக் கொட்டகைக்குக் கீழே வைத்தோம்.

ஒரு வாரத்தில் அக்னி நட்சத்திரம் பிறந்தது. 2024 கோடை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் வெயில் மட்டும் இல்லை, கடல் ஈரமும் சேர்ந்து புழுங்கும். ஒரு மத்தியானம் தண்ணீர் வைக்கப் போனேன். பஞ்சு வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தது. விலா வேகமாக ஏறி இறங்கியது. காதைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது.

உடனே என் பழைய மாணவர் ஒருவருக்குப் போன் செய்தேன். பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு என்னிடம் படித்தவர், இப்போது கால்நடை மருத்துவர். "டீச்சர், முதல்ல வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போங்க. காதை ஈரத்துணியால துடைங்க. குளிப்பாட்டிடாதீங்க, அதிர்ச்சியிலயே போயிடும்" என்றார். சாயங்காலம் நேரிலும் வந்தார். என் வகுப்பில் வாய் திறக்காத பையன் அன்று எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார்.

முயலுக்கு நம்மைப்போல் வேர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் முக்கிய வழி அந்த நீளக் காதுதான். அதில் ஓடும் ரத்தக் குழாய்கள் காற்றில் ஆறும். காற்றே சூடாக இருந்தால் என்ன செய்யும்? வெயில் 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குக் கஷ்டம். அன்று கடலூரில் அதற்கு மேலே எங்கேயோ இருந்தது. பிறகு அவர் பஞ்சுவின் பின்னங்காலைத் திருப்பிக் காட்டினார். குதிகாலில் ரோமம் உதிர்ந்து சிவந்திருந்தது. நாய்க்கும் பூனைக்கும் இருப்பதுபோல் முயலுக்குப் பாதத்தில் மெத்தை கிடையாது, வெறும் ரோமம்தான். கம்பி வலையில் நாள் முழுக்க நின்றால் புண்ணாகி, சீழ் வைத்து, எலும்புவரை போகுமாம்.

ஒன்று கேட்டேன். நம் காட்டு முயல் இதே வெயிலில்தானே இருக்கிறது? அவர் சிரித்தார். "அது வேற, இது வேற டீச்சர்." நம் ஊர்க் காட்டு முயல் தரையில் புல் மறைவில் வாழ்வது. அதன் குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். அதைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாம் வீட்டில் வளர்க்கும் முயல்கள், வெள்ளையோ கறுப்போ, எல்லாமே ஐரோப்பிய முயலின் வம்சம். ஸ்பெயின் பக்கம் பூர்வீகம். மண்ணுக்குள் வளை தோண்டி, பகலெல்லாம் குளிர்ச்சியில் படுத்திருக்கும் சாதி. அதன் குட்டி கண் மூடி, ரோமம் இல்லாமல்தான் பிறக்கும். குளிர் நாட்டு வளைக்காரரைத் தகரத்துக்கு அடியில் வைத்தால் எப்படித் தாங்கும்?

வீட்டில் இருப்பதிலேயே குளிர்ச்சியான இடம் எங்கள் படுக்கையறை. வடக்குப் பக்கம் ஜன்னல், மேலே மாடி அறை இருப்பதால் வெயில் இறங்காது. "பஞ்சு இங்கதான்" என்றேன். எங்கள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஹால் இருக்கு, சமையற்கட்டு இருக்கு, படுக்கிற இடத்துலதான் வைக்கணுமா? நீ புடிச்ச முயலுக்கு மூணே கால்!" என்றார். இந்தப் பழமொழி இவ்வளவு பொருத்தமாக யாருக்கும் வாய்த்திருக்காது. நானே சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துவிட்டார். பாதி ஜெயித்தாயிற்று.

மீதிப் பாதியை ஒரு வயர் முடித்துவைத்தது. இரண்டாம் நாளே அவருடைய போன் சார்ஜரைப் பஞ்சு துண்டாக்கிவிட்டது. நல்லவேளை, சுவிட்ச் போடவில்லை. முயலின் பல் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர். அதனால் மென்றுகொண்டே இருக்க வேண்டும், தேயவேண்டும். வயரோ அதன் கண்ணுக்கு வளையில் குறுக்கே வந்த வேர். அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். மனிதர் டூல்ஸ் பையை எடுத்து வந்துவிட்டார். கீழே கிடந்த வயரையெல்லாம் இரண்டரை அடிக்கு மேலே ஏற்றினார். ஏற்ற முடியாததை பிவிசி பைப்புக்குள் விட்டார். கட்டிலுக்குப் பின்னாலிருந்த பிளக்கை இடம் மாற்றினார். "கம்பம் ஏறி வேலை பார்த்தவன், இப்ப முயலுக்காகத் தரையில படுத்து வேலை பார்க்கிறேன்" என்று புலம்பிக்கொண்டே செய்தார். புலம்பல் இருந்தால் வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தெரியும்.

தரையில் டைல்ஸ் வழுக்கும், அதற்குப் பாதம் நிற்காது. பழைய ஜமுக்காளம் விரித்தேன். கோரைப்பாயும் போட்டேன். பாயை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறது, தின்னட்டும். மூலையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் கிழித்த செய்தித்தாள், ஒரு பக்கம் புல். முயல் சாப்பிட்டுக்கொண்டே வெளிக்குப் போகும் பிராணி. புல்லை எங்கே வைக்கிறோமோ அங்கேதான் கழிப்பறை. இந்த ஒரு சூட்சுமம் தெரிந்தால் போதும், பழக்க வேண்டிய வேலையே இல்லை. கருத்தடை செய்தபிறகு அங்கங்கே சிறுநீர் தெளிப்பதும் நின்றுவிட்டது. புழுக்கை மணக்காது, அப்படியே மல்லிகைச் செடிக்குப் போடுகிறேன். மட்க வைக்க வேண்டியதில்லை.

கேரட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முயல் படம் போட்ட அட்டையில் எல்லாம் கேரட்டும் இருக்கும். உண்மையில் அது அதற்கு இனிப்புப் பலகாரம். எப்போதாவது ஒரு துண்டு. அதன் சோறு புல்தான், முக்கால் வயிற்றுக்கு மேல் புல். பாடலீஸ்வரர் கோயில் பக்கத்தில் பூக்கடைக்கார அம்மாவிடம் தினமும் ஒரு கட்டு அருகம்புல் வாங்குகிறேன். "டீச்சர் வீட்டுல தினமும் சதுர்த்தியா?" என்று கேட்டார். உழவர் சந்தையில் முள்ளங்கி வாங்குகிறவர்கள் கிள்ளிப் போட்டுவிட்டுப் போகும் இலை எனக்கு இலவசம்.

இன்னொரு பாடமும் எனக்குத் தலைகீழானது. முயலும் ஆமையும் கதையை எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன்! வழியில் படுத்துத் தூங்கிய முயல் சோம்பேறி, கர்வி. பஞ்சுவைப் பார்த்தால், காலை எட்டு மணிக்குக் கட்டிலுக்கு அடியில் போனால் நாலு மணிவரை கிடைதான். விடியற்காலையும் அந்தி நேரமும்தான் அதன் பொழுது. பந்தயத்தைப் பகலில் வைத்தது யார் தப்பு? ஆமைதான் நேரம் குறித்திருக்க வேண்டும்.

அது என்னிடம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். முதல் பத்து நாள் கட்டிலுக்கு அடியைவிட்டு வரவில்லை. மருத்துவர் சொல்லியிருந்தார்: "துரத்தாதீங்க, தூக்காதீங்க. மேலேயிருந்து கை வந்தா அதுக்குப் பருந்துதான் ஞாபகம் வரும். உதைச்சுத் துள்ளினா முதுகெலும்பே ஒடிஞ்சிடும்." 2007ல் செயல்வழிக் கற்றல் எல்லாப் பள்ளிக்கும் வந்தபோது, நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் பிள்ளைகளோடு வட்டமாக உட்காரச் சொன்னார்கள். முட்டிவலி என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அது பிடித்திருந்தது. மேசைக்கு முன்னால் வராத பிள்ளை பாயில் தானாக நகர்ந்து பக்கத்தில் வரும். அதே மாதிரி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். முயலைப் பார்க்கவே இல்லை. பதினோராம் நாள் மூக்கு என் முழங்கையில் பட்டது. பிறகு தாடையை என் புடவைத் தலைப்பில் தேய்த்தது. தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது, "இது என்னுடையது" என்று முத்திரை குத்துவது அப்படித்தான். இப்போது அவருடைய செருப்பு, என் கண்ணாடிக்கூடு, பீரோவின் நான்கு கால் எல்லாம் அதன் சொத்து.

அந்தி நேரத்தில் ஒன்று செய்யும். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி, நடுவில் எகிறி, அந்தரத்தில் உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி இறங்கும். சந்தோஷம் வந்தால் செய்கிற துள்ளல் அது. சிதம்பரத்தில் ஒன்றரை வருஷம் வளர்த்த பேத்திக்கு வீடியோ அனுப்பினேன். "இது இப்படிச் செய்யும்னே தெரியாது அம்மாச்சி" என்றாள். இரண்டடிக் கூண்டில் எங்கே ஓடும், எங்கே எகிறும்?

2024 தீபாவளி ராத்திரியை மறக்க முடியாது. தெருவில் சரவெடி. பஞ்சு பின்னங்காலால் தரையில் படீர் படீரென்று அடித்தது. அது மற்ற முயல்களுக்குச் சொல்லும் அபாய மணி. அங்கே வேறு முயல் ஏது? எங்களுக்குத்தான் சொல்லியிருக்கிறது. பிறகு மூலையில் ஒடுங்கிவிட்டது. சாயங்காலம் வைத்த புல் அப்படியே இருந்தது. முயலின் குடல் நிற்கவே கூடாது. அரை நாள் சாப்பிடாவிட்டாலே குடல் ஓட்டம் அடங்கி, உயிருக்கு ஆபத்து. வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது. மருத்துவர் போனில், "காலைக்குள்ள வாய் வைக்கலன்னா எத்தனை மணியா இருந்தாலும் கொண்டாங்க" என்றார். ஜன்னலை அடைத்து, போர்வையைத் தொங்கவிட்டு, விளக்கை அணைத்தோம். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், தரையில் படுத்தோம். 2022ல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், தரையில் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கொத்தமல்லியை நனைத்து அதன் முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். இரண்டு மணி இருக்கும். இருட்டில் அவர் குரல்: "ஏம்மா, சத்தம் வருது." கரக் கரக் என்று மெல்லும் சத்தம். கொட்டகையில் இருந்திருந்தால் புல் மீதமிருப்பது விடிந்துதான் தெரிந்திருக்கும்.

ஒரு மாதத்தில் ஃபெஞ்சல் புயல். தென்பெண்ணையில் வெள்ளம் வந்து நம் ஊரில் எத்தனை குடும்பம் தவித்தது என்று தெரியும். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. பின்கட்டுத் தகரம் மட்டும் பிய்ந்து காலிக் கூண்டின் மேல் கிடந்தது. அதைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.

மகளுக்கு ஒரு வருத்தம் உண்டு. எனக்கு 64, அவருக்கு 68. சிதம்பரத்துக்கே வந்துவிடுங்கள், பக்கத்திலேயே வீடு பார்க்கிறேன் என்று ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து சொல்கிறாள். முயலைச் சம்மதிக்கும் வீட்டுக்காரர் கிடைக்கட்டும் என்கிறோம். "முயல் ஒரு சாக்கும்மா" என்கிறாள். முழுக்கப் பொய் என்று நானும் சொல்ல மாட்டேன். சொந்த வீடு, எங்கள் தெரு, எங்கள் பூக்கடைக்கார அம்மா. ஆனால் முழுக்கச் சாக்கும் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் எட்டு, பத்து வருஷம் இருக்கும். பஞ்சுவுக்கு இப்போது மூன்று நடக்கிறது. ஒருநாள் இவர் கணக்குப் போட்டுவிட்டு, "நமக்கு முன்னாடி அது போகணுமா, அதுக்கு முன்னாடி நாம போகணுமா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் எழுந்துபோய்ப் புல் வைத்தேன். மறுவாரம் பேத்தியை உட்காரவைத்துப் பேசினோம். எங்களால் முடியாத நாளில் அவள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அறை ஒன்று, புல், வயருக்கு பைப், மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். கையெழுத்து வாங்கலாமா என்று இவர் கேட்டதற்கு முறைத்தாள்.

லீவுக்குப் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று முயல் வாங்க நினைப்பவர்களுக்கு: வேண்டாம். லீவு முடிந்தும் பத்து வருஷம் இருக்கிறது. ஏற்கெனவே கூண்டில் இருந்தால், அடியில் ஒரு பலகையும் சாக்கும் இன்றைக்கே போடுங்கள். கம்பியை மூடுங்கள். மற்றதை மெதுவாகச் செய்யலாம்.

இந்த வருஷம் ஆனித் திருமஞ்சனத்துக்குத் தேருக்கு நான் போனேன், மறுநாள் தரிசனத்துக்கு அவர் போனார். இத்தனை வருஷத்தில் தனித்தனியாகப் போனது இதுதான் முதல்முறை. மார்கழி ஆருத்ராவுக்கு இருவரும் சேர்ந்து போக ஆசை. கடலூரில் இருக்கும் என் பிள்ளைகளில் யாராவது இரண்டு ராத்திரி வீட்டில் வந்து படுத்துக்கொள்ள முடியுமானால் போன் செய்யுங்கள். சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறேன். போன் சார்ஜரை மட்டும் மேலே மாட்டிக்கொள்ளுங்கள்.