குதிரை முட்டையும் மின்கிதாரும்

ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றி, அவ்வூரைத் திருக்காவலூர் என்று அழைத்து மகிழ்ந்த வீரமாமுனிவர், பரமார்த்த குருவின் கதையில் குதிரை வாங்கும் நிகழ்ச்சி ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். மெய்யான குதிரைக்குக் கொடுக்கப் பணம் போதாத சீடர்கள், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி மலிவாக வாங்கி வருகிறார்கள். வழியில் அது விழுந்து உடைய, அருகிலிருந்த புதரிலிருந்து முயலொன்று பாய்ந்தோடுகிறது. அதையே குதிரைக் குட்டி என்று எண்ணித் துரத்துகிறார்கள். சிறு வயதில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர் நம்மில் இலர். ஏலாக்குறிச்சிக்கு வெகு தொலைவில் இல்லாத திருமழபாடியில், நமது பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவனுக்கு இதே கதை நேர்ந்தது. அவன் வாங்கியது மின்கிதார். கதையில் வருகிற பயனற்ற குருவின் இடத்தில் இருந்தது நாமே என்பதால், அதை எழுதுவது கடமையாகிறது.

திருமழபாடியை அறியாதவர்களுக்கு ஒரு சொல். கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த பழம்பெரும் சிவத்தலம் அது. பங்குனியில் அங்கே நடைபெறும் நந்தி கல்யாணத்தைப் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பது இப்பகுதி மக்கள் வழக்கு. அந்நாளில் எழும் நாகசுரமும் தவிலும் ஆற்றுமணலைத் தாண்டியும் கேட்கும். இத்தகைய ஓசைகளுக்கிடையே வளர்ந்தவன்தான் நாம் சொல்லும் இளைஞன். தந்தையார் உபதேசியாராக இருந்து மறைந்தவர். திருப்பலியில் ஆர்மோனியம் வாசித்தவர். அவரிடம் கற்ற மகன் பாடற்குழுவில் அதையே தொடர்ந்து வாசித்து வந்தான். அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலை ஒன்றில் ஒப்பந்தக் கூலி வேலை.

ஒரு ஞாயிறு மாலை வந்து, "சாமி, எலக்ட்ரிக் கிதார் ஒண்ணு வாங்கணும். எது வாங்கலாம்னு சொல்லுங்க" என்றான். குருமட நாள்களில் நாம் மரக்கிதார் வாசித்ததை யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். நாம் கேட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை. திருவழிபாட்டுக்கு அது பொருந்தாது தம்பி, ஆர்மோனியமே போதும் என்று அனுப்பிவிட்டோம். பத்தாம் பத்திநாதர் 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட திருவிசை பற்றிய ஆணையில் பியானோவையும் முரசு போன்ற ஆரவாரக் கருவிகளையும் கோவிலுக்குள் விலக்கியிருந்தார் என்று வகுப்பில் படித்தது அன்று நன்றாக நினைவுக்கு வந்தது. படித்தவை எல்லாம் ஒரே வேளையில் நினைவுக்கு வருவதில்லை. நமக்கு வேண்டியவை மட்டுமே முந்திக்கொண்டு வருகின்றன.

அவன் மறுமுறை கேட்கவில்லை. தானே கைப்பேசியில் தேடி, ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு கிதாரை வரவழைத்துக்கொண்டான். ஒலிபெருக்கி, கம்பி, தோள்வார், பை எல்லாம் அதே விலைக்குள். கண்ணாடிபோல் மின்னும் கறுப்பு நிறம். இரண்டு மாதங்கள் கழித்து அவனுடைய இடக்கை விரல்நுனிகள் வெடித்திருப்பதைக் கண்டு விசாரித்தோம். "எனக்குக் கை வரல சாமி. அப்பாவுக்கு இருந்த ஞானம் எனக்கு இல்லபோல" என்றான்.

கருவியை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தோம். கழுத்து வில்போல் வளைந்திருந்தது. பன்னிரண்டாம் கட்டையருகே கம்பிக்கும் பலகைக்கும் இடையே பென்சிலை நுழைக்கலாம். ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் இருக்கவேண்டிய இடம் அது. அந்தக் கம்பியை அழுத்தித்தான் பையன் இரண்டு மாதம் அழுதிருக்கிறான். ஏழாயிரம் போனது ஒருபுறம் இருக்கட்டும். தந்தை விட்டுச்சென்ற இசை தன்னிடம் இல்லை என்று அவன் நம்பத் தொடங்கியிருந்தான். அந்த நம்பிக்கையில் நமக்கும் பங்கு உண்டு.

அன்றிரவு மறந்துபோன மற்றப் பக்கங்களைப் புரட்டினோம். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியான வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏடு குழல் ஆர்கனைப் போற்றிவிட்டு, திருப்பயன்பாட்டுக்கு ஏற்றவையான, அல்லது ஏற்றவையாக்கக்கூடிய பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்து வைக்கிறது. 1967ஆம் ஆண்டின் அறிவுரை, உலகியல் இசைக்கு மட்டுமே உரியதெனப் பொதுவாகக் கருதப்படும் கருவியை விலக்குகிறது. ஆயினும் அந்தந்த மக்களின் பண்பாட்டையும் மரபையும் கருதச் சொல்கிறது. நம் மாதா தேர்ப்பவனிக்கு முன்னே செல்லும் பேண்டு வாத்தியம் பட்டாளத்திலிருந்து வந்ததல்லவா? நாம் போதுமென்று சொன்ன ஆர்மோனியமே ஐரோப்பியக் கருவிதான். 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்திருந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் கற்றுக்கொண்ட வயலின் இன்று கருநாடக இசையின் சொந்தப் பிள்ளை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினோடு மேடையேறியதும் நம் காலத்திலேயே. கருவி எந்த ஊரில் பிறந்தது என்பது இதில் பெரிய கேள்வியாக நமக்குத் தோன்றவில்லை.

திருச்சியில் மெல்லிசைக் குழுவொன்றில் நெடுங்காலம் கிதார் வாசித்த அன்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, நாமும் பையனுமாகக் கடைக்குப் போனோம். பழைய கருவியையும் உடன் கொண்டுசென்றோம். அன்பர் அதன் தலைப்பக்கத்துத் துளையில் சிறு சாவியொன்றை நுழைத்துத் திருகினார். கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டு இறுகி, வளைவு பெருமளவு நிமிர்ந்தது. கால் மணி நேர வேலை. நம் முகம் எப்படியிருந்ததோ தெரியாது; பையன் நம்மைப் பார்க்காமல் வேறுபக்கம் பார்த்தான். ஆனால் கம்பியைத் தாழ்த்தியதும் கட்டைகள் ஒன்றுக்கொன்று சமமாக இல்லாமையால் அது கரகரவென்றது. முறுக்காணிகளும் நழுவின. சுருதி நிற்காத கருவியில் தொடக்கக்காரன் தன் காதையே சந்தேகிப்பான் என்றார் அன்பர்.

அவர் சொல்லித் தந்தவற்றை, பிள்ளைகளுக்கு வாங்க எண்ணும் பெற்றோருக்காக எழுதுகிறோம். மின்கிதாரில் ஓசை பிறப்பது மரக்கிதாரைப்போல் வயிற்றுப் பெட்டியில் அன்று. காந்தத்தைச் சுற்றி மயிரிழைச் செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய ‘பிக்கப்’ என்னும் உறுப்பின்மேல் எஃகுக் கம்பி அதிரும்போது மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அதை ஒலிபெருக்கி பெருக்குகிறது. எனவே மினுமினுப்புக்குக் கொடுக்கும் பணம் வீண். தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் நீளத்தைப் பார்க்க வேண்டும். கம்பியை முதல் கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் ஒருசேர அழுத்தினால், நடுவே தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நலம். உள்ளங்கையை ஓரமாக ஓட்டினால் கட்டை நுனிகள் கீறக்கூடாது. பன்னிரண்டாம் கட்டையில் அழுத்தி மீட்டும் ஒலி, திறந்த கம்பியின் மேல்சட்சமாக அட்சரசுத்தமாக நிற்க வேண்டும். நெம்புகோலால் ஆடும் மிதவைப் பாலம் முதல் கருவிக்கு வேண்டவே வேண்டாம். ஒரு கம்பி தளர்ந்தால் மற்ற ஐந்தும் இறுகிச் சுருதி ஏறிவிடும்.

ஸ்குவையர், இபானெஸ் ஜியோ, யமஹா பசிஃபிகா என்று மூன்றை எடுத்து வைத்தார்கள். ஸ்குவையர் என்பது ஃபெண்டர் நிறுவனத்தின் மலிவு வரிசை. அந்நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் வானொலி பழுது பார்த்தவர். கிதார் வாசிக்கவே அறியாதவர். ஆகவேதான் எளிதில் கழற்றிப் பழுது பார்க்கும்படி கழுத்தைத் திருகாணியால் பிணைத்தார். யமஹாவைத் தொடங்கிய தொராகுசு யமஹாவோ, 1887இல் ஒரு பள்ளியின் பழுதான ரீடு ஆர்கனைச் செப்பனிடப் போய் இத்தொழிலில் இறங்கியவர். அதாவது நம் ஆர்மோனியத்தின் உறவுக்காரர். பையனுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்துவிட்டது. மற்றொருவர் பயன்படுத்திக் கொடுத்திருந்த பசிஃபிகா எல்லாச் சோதனையிலும் தேறியது. பத்து வாட் ஒலிபெருக்கி ஒன்றையும் சேர்த்துப் பதினான்காயிரம். பாதியை நாம் கொடுத்தோம். அதைத் தவணையாகத் திருப்பித் தருவதாக அவன் சொன்னான். அது அபராதம் என்று நாம் சொன்னதை அவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

செலவு அதோடு முடியவில்லை. கம்பியைத் தொடும் கை நேரே ஒலிபெருக்கியின் மின்சுற்றோடு இணைந்திருப்பதால், நிலத்தொடர்பு இல்லாத இணைப்பில் உயிருக்கே ஆபத்து என்று அன்பர் எச்சரித்திருந்தார். மின்பணியாளரை அழைத்துப் பார்த்தால், நம் பீடத்தருகே உள்ள மூன்று துளைப் பிளக்கில் மூன்றாவது துளைக்குக் கம்பியே இல்லை! எத்தனை ஆண்டுகளாக அந்த இணைப்பில் மைக்கைப் பிடித்து மறையுரை ஆற்றியிருக்கிறோம்! சக்கறைக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு, குழாய் இறக்கினோம்.

அது தவக்காலம். பாடலுக்குத் துணையாக மட்டும் கருவி ஒலிக்கலாம் என்றாலும், "பாஸ்காவுக்கே வாசிக்கிறேன் சாமி" என்று அவனே தள்ளி வைத்தான். மாலைதோறும் பங்கு இல்லத் திண்ணையில் ஒலிபெருக்கி இல்லாமலே பழகினான். மின்னில்லாத மின்கிதாரின் ஓசை கொசுவின் ரீங்காரத்துக்குச் சற்றே மேல். நமது மாலைச் செபத்துக்கு அது இடையூறாக இல்லை. சில நாள்களில் செபத்தைவிட அதையே அதிகம் கேட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாஸ்கா திருவிழிப்பன்று வானவர் கீதத்துக்கு மணிகள் ஒலித்து விளக்குகள் எல்லாம் எரிந்தபோது, ஆர்மோனியத்தில் அவன் தங்கை அமர்ந்திருந்தாள். அவன் ஒலிபெருக்கியின் விசையைப் போட்டான். மெல்லிய இரைச்சல் ஒன்று எழுந்தது. கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்தான், இரைச்சல் அடங்கியது. பிறகு வாசித்தான். இரண்டாம் அடியில் ஒரு சுரம் தவறியது. நமக்கும் அவனுக்கும் மட்டுமே தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை, முன்வரிசையில் எப்போதும் அமரும் மூதாட்டி ஒருவர் குறையோடு வந்தார். ஆர்மோனியம் சரியாகக் கேட்கவில்லையாம். அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் அழுத்தி வாசிக்கச் சொல்லவேண்டுமாம்.