தாயின் உயிரும் மார்க்கமும்

என் உம்மா ஒன்பது மக்களைப் பெற்றார், ஐவரை வளர்த்தார், பத்தாவது பேற்றில் மாண்டார். ஜுருவில், தோட்டத்து முகப்பில் மளிகைக் கடை வைத்திருந்த வாப்பாவைத் தேற்ற வந்தோர் யாவரும் "அல்லாஹ்வின் நாட்டம்" என்றனர். பத்து வயதுச் சிறுமியாயிருந்த யானும் அவ்வாறே நம்பினேன். பிறப்பும் இறப்பும் அவன் நாட்டமென்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் நம்முடைய அசட்டைக்கெல்லாம் அவன் பெயரைச் சூட்டுவது பக்தியாகுமா? இக்கேள்வியைக் கேட்க எனக்குப் பல்லாண்டு பிடித்தது.

என் மூன்றாம் பேற்றின்போது இரத்தக் கொதிப்பு ஏறி வலிப்புக் கண்டது. தாயும் சேயும் பிழைத்தோம். இனியொரு கர்ப்பம் இப்போது கூடாதென்றார் மருத்துவர். மாமியோ, "வாயைக் கொடுத்தவன் ரிஸ்கையும் கொடுப்பான், மகளே! அவன் தருவதை வேண்டாமென்று சொல்ல நாம் யார்?" என்றார். தோட்டத்துத் தோழியர், "ஒரேயடியாகக் குழாயைக் கட்டிவிடு, தொல்லை விட்டது" என்றனர். என் கணவர் வாய் திறக்கவில்லை. உயிர் என்னுடையது, தீர்ப்போ ஊராருடையது!

இறுதியில் நாங்கள் இருவரும் மார்க்கக் கல்வியுள்ள பெரியவர் ஒருவரை நாடினோம். அவர் கோபிக்கவில்லை, கிதாபுகளை எடுத்து வைத்து விளக்கினார். பெருமானார் காலத்திலேயே கருவுறாதிருக்கத் தோழர்கள் 'அஸ்ல்' என்னும் முறையைக் கையாண்டனர் என்றும், குர்ஆன் இறங்கிவந்த அந்நாளிலும் அது தடுக்கப்படவில்லை என்றும் ஜாபிர் அவர்களின் அறிவிப்பு கூறுகிறது. அதனை மறைவான சிசுவதை என்று சொல்லும் வேறோர் அறிவிப்பும் உண்டு. அதைக்கொண்டு இப்னு ஹஸ்ம் போன்றோர் முற்றும் விலக்கினர். எனினும் பெரும்பாலான இமாம்கள் அனுமதித்தனர். 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தம் 'இஹ்யா'வில் திருமணத்தைப் பற்றிய பகுதியில், பேற்றினால் மனைவியின் உயிருக்கு நேரும் ஆபத்தை அஞ்சுவதும், மக்கட்பெருக்கத்தால் வரும் இன்னலை அஞ்சுவதும் தக்க காரணங்களே என்று எழுதினார். வறுமைக்கு அஞ்சி மக்களைக் கொல்லாதீர் என்னும் திருவசனமோ பிறந்த உயிரைக் கொல்வதைப் பற்றியது. உருவாகாத கருவைப் பற்றியதன்று. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டவருக்குப் பெருமானார் கூறிய அறிவுரையை நாம் அறிவோம். தவக்குல் என்பது கட்டுதறியை அவிழ்த்துவிடுவதாகாது.

அனுமதிக்கு எல்லையும் உண்டென்றார் பெரியவர். கணவன், மனைவி இருவரும் உடன்பட வேண்டும். உடலுக்குக் கேடு கூடாது. கருவுண்டான பின் அதனைக் கலைப்பது வேறு விஷயம். அதற்குச் சட்டமும் வேறு. குழாயைக் கட்டி நிரந்தரமாகக் கருவை நிறுத்துவதைப் பெரும்பாலான உலமாக்கள் விலக்குகின்றனர். தாயின் உயிருக்கே ஆபத்து என்று நம்பிக்கைக்குரிய மருத்துவர் கூறும் நிர்ப்பந்தத்தில் மட்டும் இடமளிக்கின்றனர்.

இனி, எதைத் தேர்வது? சகோதரிகளே, இங்கே வெட்கம் நமக்கு உதவாது. இருவித ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரை இரத்தக் கொதிப்புள்ளோர்க்கு ஏற்றதன்று. பிறர் நோன்பு நாட்களில் அதனை ஸஹரிலோ இப்தாரிலோ உட்கொள்ளலாம். மூன்று மாத ஊசியும், கையின் தோலுக்கடியில் வைக்கும் குச்சியும் பலருக்கு ஒழுங்கற்ற உதிரப்போக்கை உண்டாக்கும். அப்போது தொழலாமா, நோன்பு நோற்கலாமா என்ற கலக்கம் எழும். ஷாஃபிஈ மத்ஹபின்படி மாதவிடாயின் உச்சவரம்பு பதினைந்து நாட்கள். அதற்கு மேல் நீளும் உதிரம் 'இஸ்திஹாளா' எனப்படும். அந்நிலையில் ஒவ்வொரு வேளைக்கும் சுத்தம் செய்து ஒளூ எடுத்துத் தொழுவது கடமை. இதை அறியாமல் மாதக்கணக்கில் தொழுகையை விட்ட பெண்களை யான் அறிவேன். காப்பர்-டி என்னும் செம்புக் கருவி ஆணின் வித்தைச் செயலிழக்கச் செய்து கருவுறுதலைத் தடுக்கிறது. பத்தாண்டு வரை பயன் தரும். எடுத்துவிட்டால் மீண்டும் கருத்தரிக்கலாம். சிலருக்கு மாதப்போக்கு மிகும். பெண் மருத்துவரைக் கொண்டு யான் அதனையே வைத்துக்கொண்டேன்.

திருமறை பாலூட்டலுக்கு முழுமையாக ஈராண்டு குறிப்பிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனமும் ஒரு பேற்றுக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே ஈராண்டேனும் விடச் சொல்கிறது. நம் பாட்டிமார் கைக்குழந்தை நடக்குமுன் மறுபடியும் சூலுற்றது எந்த வேதத்தின் கட்டளை?

பெரியார் ஈ.வெ.ரா. 1929-ல் பினாங்கில் வந்திறங்கினார். கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்கும் உடல்நலத்திற்கும் வேண்டியது என்று அவரது 'குடி அரசு' வாதாடியது. அவர் மதத்தை மறுத்தவர். யான் மதத்தைப் பற்றி நிற்பவள். ஆயினும் பெண்ணின் உயிரை முன்வைத்த அக்கேள்விக்கு என் மார்க்கத்தின் ஏடுகளிலேயே விடை இருந்தது. அதை எடுத்துச் சொல்வோர்தாம் நம் வீடுகளில் இல்லை.

வீடு திரும்பி மாமியிடம் யாவற்றையும் கூறினேன். நெடுநேரம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தவர், "நானும் மூன்று பிள்ளைகளை மண்ணில் வைத்தவள். இதை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லையே, மகளே" என்றார். அதன்பின் அவர் எதிர்த்ததில்லை.

இவ்வாண்டு என் மகள் தலைப்பிள்ளையைப் பெற்றாள். அவள் கேட்குமுன் யானே எல்லாவற்றையும் எடுத்துரைத்தேன். மருமகனையும் உடன் உட்கார வைத்தேன். எத்தனை மக்கள், எப்போது என்பதை அவ்விருவரே முடிவு செய்யட்டும். தாய்மார்களே, உங்கள் பெண்மக்களுக்கு நகையும் சீரும் தருவதற்கு முன் இவ்வறிவைத் தாருங்கள். என் உம்மாவுக்கு அதைத் தர ஒருவருமில்லை.