ஆறு வாரத்தில் ஒரு சிப்

எங்கள் கல்லூரி லேபில் இருந்த 8085 கிட்டுகளில் மூன்றில்தான் டிஸ்ப்ளே எரியும். ஒருத்தன் எண்களைத் தட்டுவான். சுற்றி நிற்கிற நாங்கள் சீனியரின் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து விடை எழுதுவோம். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கினோம். அதுல என்ன இருக்குன்னு வைவாவுக்கு முந்தின ராத்திரிதான் பிரிச்சுப் பார்த்தோம்.

அதனால்தானோ என்னவோ, லின் கான்வேயைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது பொறாமை.

1978இன் கடைசி மாதங்கள். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்த கான்வே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு வருகைப் பேராசிரியராகப் போகிறார். சிப் வரைவது அப்போது கம்பெனிகளுக்குள் சிலருக்கு மட்டுமே பிடிபட்ட வித்தை. கார்வர் மீடும் இவரும் அதைச் சில எளிய விதிகளாகச் சுருக்கியிருந்தார்கள். கம்பியின் அகலம், இரண்டு கம்பிக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி, எல்லாமே லாம்டா என்ற ஒரே அளவின் மடங்குகள். தொழில்நுட்பம் வளர்ந்து லாம்டா சுருங்கினாலும் விதி மாறாது. ஃபேக்டரி வாசலையே மிதிக்காத மாணவனும் சிப் வரையலாம்.

வரையலாம், சரி. யார் செய்து தருவார்கள்? டிசம்பரில் மாணவர்களின் வடிவங்கள் அர்ப்பாநெட் வழியே கலிஃபோர்னியாவுக்குப் போயின. எல்லோருக்கும் ஒரே சிலிக்கான் தகட்டில் இடம். நம்ம ஷேர் ஆட்டோ கணக்குதான். செலவும் அப்படியே பிரிந்தது. ஹியூலெட் பேக்கர்ட் கூடத்தில் தயாராகி, ஏறக்குறைய ஆறு வாரத்தில் சிப்புகள் அவரவர் கைக்கு வந்தன. கை ஸ்டீல் என்ற மாணவர் லிஸ்ப் மொழிக்கான செயலியையே வரைந்திருந்தார். பல ஓடின, எல்லாமே அல்ல. ஓடாதவனுக்கும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கத் தன் சொந்தத் தப்பு இருந்தது. எங்களுக்கு அதுகூட வாய்க்கவில்லை. எங்கள் ப்ராஜெக்ட்டில் இருந்த தப்பும் வேற யாரோ செய்தது.

அடுத்த ஆண்டு இதே ஏற்பாட்டில் பல பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 1981இல் அது மோசிஸ் என்ற நிரந்தரச் சேவையானது.

அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. பெண்ணாக மாறும் முடிவை எடுத்ததற்காக 1968இல் ஐபிஎம் அவரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தது. கட்டளைகளை வந்த வரிசையில் அல்லாமல், தயாரான வரிசையில், ஒரே நேரத்தில் பலவாக இயக்கும் முறையை அங்கேதான் அவர் கண்டுபிடித்திருந்தார். சொந்தம் கொண்டாட முடியாது. அது பழைய பெயரில் இருந்தது. புதுப் பெயரில், சாதாரண ப்ரோக்ராமராக முதலிலிருந்து தொடங்கியவர். கூச்ச சுபாவி வேறு. வகுப்பில் தடுமாறிவிடக் கூடாது என்று பாடம் முழுவதையும் எழுதிவைத்துக்கொண்டுதான் போவாராம். அந்தக் குறிப்புகளை வைத்தே பிறகு மற்ற கல்லூரிகளில் பாடம் நடத்தினார்கள். பயத்துக்கு இப்படியும் ஒரு பயன்!

1985இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தன் கதையை வெளியே சொன்னது 2000ஐ ஒட்டித்தான். ஐபிஎம் மன்னிப்புக் கேட்டது 2020இல், 52 வருஷம் கழித்து. 2024 ஜூனில் இறந்துபோனார்.

இப்போது டைனி டேப்அவுட் என்று ஒன்று இருக்கிறது. அதே ஷேர் ஆட்டோ. யார் வேண்டுமானாலும் ஏறலாம். நாலு பிட் கவுண்ட்டர் ஒன்று வரைந்து வைத்திருக்கிறேன். சிமுலேஷனில் ஏழுக்கு அப்புறம் எட்டு வராமல் பூஜ்ஜியத்துக்குப் போகிறது. நாலாவது ஃப்ளிப் ஃப்ளாப்புக்குப் போகிற கம்பியை எங்கேயோ விட்டிருக்கிறேன். ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பார்க்கணும்.