நிழலாகிப் போன ஒரு குடும்பப் பெயர்



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கலைக்கல்விப் பாடவேளையில் நிழலுரு வரையக் கற்பித்தேன். சன்னல்களை மூடி, ஒரு மாணவனைச் சுவரோரம் பக்கவாட்டில் அமரச் செய்து, கைவிளக்கின் ஒளியை அவன்மீது பாய்ச்சினோம். சுவரில் ஒட்டிய மணிலா அட்டையில் விழுந்த நிழலின் ஓரத்தை மற்றொருவன் பென்சிலால் வரைந்தான். நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் என ஒரே கோடு. கண் இல்லை, நிறம் இல்லை. ஆயினும் யாருடைய முகம் என்பதை வகுப்பே சொல்லிவிட்டது.

இதற்கு ஆங்கிலத்திலும் மலாயிலும் 'சிலுவெட்' என்று பெயர் எனச் சொன்னேன். "ஐயா, சிலுவையிலிருந்து வந்த சொல்லா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "இல்லையம்மா, அது பிரெஞ்சுக்காரர் ஒருவருடைய குடும்பப் பெயர்" என்றேன். "ஒருவருடைய பெயர் எப்படி ஐயா நிழலாகும்?" என்று அவள் விடவில்லை. மணி அடித்துவிட்டது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று அமர்ந்தேன். எழுதத் தொடங்கியபின், எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டிய ஒன்றும் அதற்குள் இருப்பதை உணர்ந்தேன்.

அம்மனிதரின் முழுப்பெயர் எத்தியேன் தெ சிலுவெத். 1709-ஆம் ஆண்டு பிரான்சின் லிமோஜ் நகரில் பிறந்தவர். நன்கு கற்றவர். இருபது வயதிலேயே சீனர்களின் ஆட்சிமுறையையும் ஒழுக்க நெறியையும் பற்றி நூல் எழுதினார். இங்கிலாந்து சென்று அந்நாட்டின் நிதிமுறையைக் கூர்ந்து கவனித்தார். ஆங்கிலக் கவிஞர் போப்பின் நெடுங்கவிதை ஒன்றைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டு நம் தமிழ் மண்ணில் வாணிகம் செய்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் மன்னரின் ஆணையராகவும் பணியாற்றினார்.

1759 மார்ச் மாதம் அவர் பிரான்சின் நிதிப் பொறுப்பை ஏற்றார். ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அப்போரில்தான் பிரான்சு அவ்வாண்டே கியூபெக்கை இழந்தது. 1761-இல் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. கருவூலம் வற்றிக் கிடந்தது. ஏழைகளிடம் பிடுங்குவதற்கு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. எனவே சிலுவெத், செல்வர்கள் பக்கம் திரும்பினார். பணியாளர்களை வைத்திருப்போர், வண்டி வைத்திருப்போர், ஆடம்பரப் பொருள் வாங்குவோர் ஆகியோர்மீது வரி விதிக்க முனைந்தார். ஓய்வூதியங்களைக் குறைத்தார். பொன், வெள்ளிப் பாத்திரங்களை உருக்கிக் காசாக்கக் கொடுக்குமாறு கேட்டார். முதலில் புகழ்ந்தவர்களே பிறகு சீறி எழுந்தனர். அதே ஆண்டு நவம்பரில் பதவி போயிற்று. ஏறத்தாழ எட்டு மாத ஆட்சி.

பதவி போனதோடு நிற்கவில்லை, பெயரும் பிடிபட்டது. பாரிசு மக்கள் மலிவானவை, அரைகுறையானவை எல்லாவற்றையும் 'சிலுவெத் பாணி' என்று கேலி செய்யத் தொடங்கினர். பை வைக்காத காற்சட்டை சிலுவெத் பாணி. பையில் போடத்தான் காசு இல்லையே! அலங்காரமற்ற மரப் பொடிடப்பி சிலுவெத் பாணி. ஓவியரிடம் வண்ணப்படம் எழுதப் பணம் இல்லாதவர்கள் நிழலை வரைந்து கருப்புத் தாளில் வெட்டி ஒட்டிக்கொண்ட படமும் சிலுவெத் பாணி. காற்சட்டையும் பொடிடப்பியும் மறைந்தன. நிழல்படம் மட்டும் அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகச் சென்றது. சிலுவெத்தே தம் மாளிகைச் சுவர்களில் இத்தகைய படங்களை மாட்டி வைத்திருந்தார் என்று ஒரு கதையும் உண்டு. எனக்கு முன்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. கேலிக்குத்தான் அவ்வளவு வேகமான கால்கள் உண்டு.

அவர் பதவி இழந்தபின் வாழ்ந்து 1767-இல் மறைந்த ஊர், பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றங்கரையில் உள்ள பிரி. ஒளிப்படக் கலையைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான லூயி தாகேர் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததும் அதே ஊரில்தான்; 1851-இல் அங்கேயே மறைந்தார். நிழல்படத் தொழிலை ஒழித்துக்கட்டியது ஒளிப்படம். ஓர் ஊரில் இருவரும்! இதை மாணவர்களிடம் கட்டாயம் சொல்லப் போகிறேன்.

சரி, கேலிக்கு முன்னர் அந்தப் பெயருக்கு என்ன பொருள்? இங்கேதான் நான் வியந்தேன். பிரெஞ்சுச் சொல் போலவே ஒலிக்கும் அது பிரெஞ்சுச் சொல்லே அன்று. எத்தியேனின் தந்தையார், பிரான்சின் தென்மேற்கு மூலையில் கடலோரத்தில் உள்ள பியாரித்சைச் சேர்ந்தவர். முற்காலத்தில் திமிங்கிலம் பிடித்த ஊர் அது. வரி வசூலிக்கும் அலுவலராக லிமோஜுக்குக் குடிபெயர்ந்தார். பியாரித்சு பாசுக்கு மக்களின் நாட்டைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் வேறெந்த மொழியோடும் உறவு காட்ட இயலாத, தனித்து நிற்கும் மொழி அவர்களுடையது. அம்மொழியில் 'சுலோ' என்றால் துளை, குழி, குகை. பிரான்சுப் பக்கத்து வட்டார வழக்கில் அதுவே 'சிலோ'. 'எத்தா' என்பது அது நிறைந்த இடத்தைக் குறிக்கும் ஈறு. ஆகவே சிலுவெத்தா என்றால் குழிகள் மலிந்த இடம், அல்லது குகைகள் நிறைந்த இடம். நம் ஊர்களில் 'பள்ளம்', 'குழி' என்று முடியும் இடப்பெயர்கள் இல்லையா, அதைப் போன்றது. பிரெஞ்சு எழுத்தர்கள் அதைத் தங்கள் காதுக்கு இனிய வண்ணம் 'சிலுவெத்' என்று எழுதிவிட்டனர். பிரெஞ்சில் 'எத்' என்று முடியும் சொற்கள் பெரும்பாலும் சிறிய பொருள்களைக் குறிப்பவை. ஒரு நிலப்பகுதியின் பெயர் அப்படித்தான் சிறுபொருளின் பெயர் போல ஒலிக்கத் தொடங்கியது.

இடத்தின் பெயர் எவ்வாறு குடும்பத்தின் பெயராயிற்று என்றும் சொல்ல வேண்டும். பாசுக்கு நாட்டில் மனிதர் வீட்டுக்குப் பெயர் கொடுப்பதில்லை. வீடுதான் மனிதருக்குப் பெயர் கொடுக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும், பல வேளைகளில் அது நிற்கும் இடத்தைக் கொண்டு, ஒரு பெயர் இருந்தது. அவ்வீட்டில் வாழ்பவர் அப்பெயருக்கு உரியவர். மனைவியின் வீட்டுக்குக் குடிபோன மருமகன்கூட அவ்வீட்டின் பெயரால் அறியப்பட்டான். தெலுங்கர்களின் 'இண்டிபேரு' நினைவுக்கு வருகிறது. தந்தை பெயரை மட்டுமே கொண்டு ஒருவரை அறியும் நமக்கு இது சற்றுப் புதுமைதான். திருமுழுக்குப் பதிவேடுகளை வைக்குமாறு பிரெஞ்சு மன்னர் 1539-இல் ஆணையிட்டார். பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எவரும் தாங்கக்கூடாது என்று 1794-இல் புரட்சி அரசு சட்டம் இயற்றியது. அதன்பின் வீடு மாறினாலும் பெயர் மாறவில்லை. எழுத்தர் எழுதியதே நிலைத்தது.

இந்தப் பாசுக்கு வீட்டுப்பெயர் வழக்கத்துக்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. உங்கள் வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். சேவியர் என்றோ சவரிமுத்து என்றோ ஒரு பெயர் கிடைக்கக்கூடும். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணியாற்றிவிட்டு 1545-இல் மலாக்காவுக்கு வந்த புனித பிரான்சிசு சவேரியாரின் பெயர் அது. அவருடைய தந்தையின் குடும்பப் பெயர் வேறு. சவேரியார் என்பது தாய்வழி வந்த கோட்டையின் பெயர். பாசுக்கு மொழியில் 'புது வீடு' என்று பொருள். ஸ்பெயினின் நவார் பகுதியில் இருந்த ஒரு வீட்டின் பெயரைத் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக அதை வாசித்து வந்தும் நான் அறியவில்லை.

சிலுவெத் என்ற பெயர் அவ்வளவு தொலைவு பரவவில்லை. பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனம் 1891-ஆம் ஆண்டு முதலான பிறப்புகளை மாவட்டவாரியாகத் தொகுத்திருப்பதால், எந்தக் குடும்பப் பெயர் எங்கே பிறக்கிறது என்பதை அங்கே எவரும் பார்க்கலாம். டுபோன், மார்த்தேன் போன்ற பெயர்கள் நாடெங்கும் கொட்டிக் கிடக்கும். சிலுவெத்தோ அரிய பெயர். பெரிதும் அதே தென்மேற்கு மூலையில், பிரெனே மலையும் கடலும் சந்திக்கும் மாவட்டத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது. எல்லைக்கு அப்பால் ஸ்பெயின் பக்கத்தில் அதன் உடன்பிறப்பான சுலுவெத்தா இருக்கிறது. அந்தப் பெயர் கடல் கடந்தது. கியூபாவில் அடிமை வாணிகத்தால் பெருஞ்செல்வம் சேர்த்த ஹூலியான் தெ சுலுவெத்தா அப்பெயரினரே. நம் அண்டை நாடான பிலிப்பைன்சில் 1953-இல் சிறிது காலம் மேலவைத் தலைவராக இருந்த ஹோசே சுலுவெத்தாவும் இப்பெயரைத் தாங்கியவர்தான்.

பிரெஞ்சு வடிவம் மனிதர்களோடு போகாமல் ஒரு தீவின் மீது போய் அமர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள செய்செல்சு நாட்டின் கருங்கல் தீவுகளுள் மூன்றாவது பெரிய தீவுக்கு எத்தியேனின் பெயரைச் சூட்டினர். வேடிக்கை என்னவென்றால், செய்செல்சு என்ற பெயரும் அவருக்குச் சில ஆண்டுகள் முன்னர் பிரான்சின் நிதிப் பொறுப்பில் இருந்த மொரோ தெ செஷெல் என்பவருடையது. வரி கேட்டவர்களை உள்ளூர் மறக்க நினைத்தாலும் கடல் மறக்கவில்லை போலும்.

பெயர் பொருளாகிப் போன மற்றொருவரையும் சொல்லியாக வேண்டும். 1883-இல் பாரிசின் ஆட்சியராக வந்தவர் எழேன் பூபெல். வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டாமல், மூடியுள்ள தொட்டியில் இட்டு வாசலில் வைக்க வேண்டும் என்று அவ்வாண்டே ஆணையிட்டார். தாளும் கந்தலும் தனியே, கண்ணாடியும் சிப்பி ஓடும் தனியே என்று அன்றே பிரிக்கச் சொன்னவர். நகரத்துக்கு அவர் செய்த நன்மை சிறிதன்று. கைம்மாறாக மக்கள் அந்தத் தொட்டிக்கே அவர் பெயரை வைத்துவிட்டனர். இன்றும் பிரெஞ்சில் குப்பைத்தொட்டிக்குப் பெயர் பூபெல். அக்குடும்பப் பெயருடைய பிள்ளைகள் பள்ளியில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பெயரை மாற்றிக்கொள்ளப் பிரெஞ்சுச் சட்டம் 1803 முதல் வழி வைத்திருக்கிறது. அவ்வழியில் செல்பவர்கள் பலர் இத்தகைய பெயரினரே.

எண்ணிப் பார்க்கிறேன் என்றேன். எண்ணித்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. ஒரு முறை நானே அதை நேரில் செய்திருக்கிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன், பயிற்சிக் கல்லூரியை முடித்துவிட்டு வந்த புதிது. என் வகுப்பில் ஒரு மாணவன். அவன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. தந்தை பெயர் குப்பன். அவனுடைய பயிற்றி மையும் அழிப்புமாக இருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, "அப்பா பெயருக்கு ஏற்ற வேலை செய்திருக்கிறாயே" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மாலை திருத்துவதற்காக எடுத்த பயிற்றியின் அட்டையில் தந்தை பெயர் இருந்த இடம் மட்டும் தாள் கிழியுமளவுக்கு அழிக்கப்பட்டிருந்தது.

மறுவாரம் அவர் பள்ளிக்கு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை. சண்டைக்கு வருகிறார் என்று அஞ்சினேன். அவரோ நாற்காலியின் நுனியில் அமர்ந்து, "ஐயா, எனக்கு முன்னால மூணு பிள்ளைங்க பிறந்து செத்துப் போச்சுங்க. நாலாவதா நான் பிறந்ததும் எங்க பாட்டி என்னைக் குப்பைமேட்டுல போட்டு, பக்கத்து வீட்டு அம்மாவை எடுக்கச் சொல்லி, அவங்ககிட்ட தவிடு குடுத்து வாங்கினாங்களாம். எமன் குப்பையைத் தேடி வரமாட்டான்னு. அதான் ஐயா பேரு. பையன் கேட்டான், எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா கேட்பான்" என்றார்.

நான் செய்த கேலி அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதை அவருடைய முகம் காட்டவில்லை. நானும் அன்று ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் வகுப்பில் குப்பன், பிச்சை, தவிட்டான் என்னும் பெயர்களின் கதையைச் சொன்னேன்; சாகக்கூடாது என்பதற்காக வைத்த பெயர்கள் இவை என்றேன். பையன் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவில் பெயர் வாசிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. தாய்மொழிப் பாடத்தில் முன்னேற்றம் கண்டவர்களின் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. நேரமின்மையால் மாணவர் பெயரை மட்டும் வாசித்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். நான் எல்லாருக்கும் தந்தை பெயரையும் சேர்த்து வாசித்தேன். அவன் முறை வந்தபோது பின்வரிசையில் இருவர் சிரித்தனர். பெற்றோர் வரிசையில் குப்பன் எழுந்து நின்றிருந்தார். தம்மைத்தான் அழைத்தார்கள் என்று நினைத்துவிட்டார். மகன் மேடையிலிருந்து கையசைத்து, "அப்பா, உட்காருங்க" என்றான்.